பீலியடியில் சொன்னது

கொழும்பு 6
2024 மே 12

நாகலெட்சுமிக்கு,

'அன்புள்ள' என்று எழுதித்தான் தொடங்கினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எடுத்தேன்.

நேற்று மேடம் சமையலறைக்குள் வந்து தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பிரியந்தி, இது உங்க வில்லுமலைத் தோட்டம்தானே? இந்தப் பொம்பளைய உனக்குத் தெரியுமா?" என்றார். பார்த்தால் நீ. தலையில் கூடைக் கயிறு, நெற்றியில் வேர்வை, பின்னால் மூன்றாம் நம்பர் மலை. மே தினத்தில் அரசாங்கம் நாள் சம்பளத்தை ஆயிரத்திலிருந்து ஆயிரத்து எழுநூறு ஆக்கப்போவதாகச் சொன்னதும், கம்பெனிகள் முடியாது என்றதும் எனக்குத் தெரியும். டீவிக்காரர்கள் தோட்டம் தோட்டமாகப் போகிறார்கள் என்பதும் தெரியும். உன்னிடம் வந்து நிற்பார்கள் என்று மட்டும் நினைக்கவில்லை.

நீ கேமராவைப் பார்த்துச் சொல்கிறாய்: "ஆயிரத்து எழுநூறு குடுத்தா கம்பெனிக்கு நட்டம்னா, ஆயிரத்துல நாங்க இத்தன வருசம் பட்டதுக்கு என்னங்க பேரு?"

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "படிக்காத பொம்பள எப்பிடிக் கேக்குறா பாரு" என்றார். அதை இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அதனால் என் கண்ணைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

லெச்சுமி, அது என் வார்த்தை. சித்திரைப் புத்தாண்டு லீவில் வந்திருந்தபோது, நம் லயத்து வீடுகளுக்குக் கீழே மலைத்தண்ணீர் விழுகிற பீலியடியில் துணி அலசிக்கொண்டே நான் சொன்னது. ஆயிரத்து எழுநூறு பேச்சு அப்போதே அடிபட்டுக்கொண்டிருந்தது. நீ சோப்புக் கையோடு நின்று, "இன்னொருக்கா சொல்லுடி" என்றாய். இன்னொரு தடவையும் சொன்னேன். கற்றுக்கொடுக்கிறேன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆறு வருடம் அந்தத் தோட்டத்தில் மாதர் சங்கத் தலைவியாக இருந்தவள் நான். ஆயிரம் ரூபாய்க்காக வேலையை நிறுத்தியபோது மழையில் தொழிற்சாலை வாசலில் நின்று தொண்டை கட்டிப்போனவள் நான். அன்றைக்கு ஒரு கேமராவும் வரவில்லை. சாமான் விலை ஏறி, சாப்பாட்டுக்கே வழியில்லாமல் இங்கே சமைக்க வந்த பிறகு, நீ என் வாயை எடுத்து உன் முகத்தில் ஒட்டிக்கொண்டாய்.

உன் நம்பரை போனில் அடைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்க எனக்கு இப்போது விருப்பமில்லை. சொல்ல வேண்டியதை எழுது. அந்த டீவிக்காரர்களைக் கூப்பிட்டு, அது யார் சொன்னது என்று சொல். அவ்வளவுதான் நான் கேட்பது.

பிரியந்தி


வில்லுமலைத் தோட்டம்
டிக்கோயா
2024 மே 26

அன்புள்ள பிரியந்திக்கு,

நாகலெட்சுமி எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம். உன் சுகமும் அப்படியே இருக்க வேண்டும். என் எழுத்து உனக்குத் தெரியும். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கொடுத்தனுப்பிய கடிதத்தை, கொழும்பில் வேலை செய்கிற நம் லயத்துச் சுமன் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். மூன்று தடவை படித்தேன். நீ சொல்வது நிஜம். அது உன் பேச்சுதான்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் றோட்டில் வேனை நிறுத்திவிட்டு மலைக்கு ஏறி வந்தார்கள். எல்லாப் பெண்களும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு செடிக்குள் குனிந்துவிட்டார்கள். நான் கடைசி நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒதுங்க இடமில்லை. ஒரு பெண்பிள்ளை மைக்கை நீட்டி, "அக்கா, கம்பெனி நட்டம்னு சொல்லுதே, நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உன் பேச்சுதான் வாய்க்கு வந்தது. பிறகு அவள், "உங்க பேரு?" என்று கேட்டாள். என் பேரைச் சொன்னேன். அவள் கேட்டது என் பேரைத்தானே.

டீவியில் வந்த மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் பெரிய கிளார்க் வந்து நின்றார். "யாரு இந்தம்மாவுக்கு இப்பிடிப் பேசச் சொல்லிக் குடுத்தது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் சிரித்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். உன் பேரை இப்போது சொல்வது நல்லதில்லை. கொஞ்ச நாள் போகட்டும்.

இனிமேல் தபாலில் போடுவதானால் தோட்ட ஆபீஸ் விலாசத்துக்குப் போடாதே. எங்கள் கடிதமெல்லாம் அங்கே போய்த்தான் வரும். டிக்கோயாவில் மஃறூப் நானாவின் கடை விலாசத்துக்குப் போடு. சம்பளம் எடுத்து சாமான் வாங்கப் போகும்போது நான் வாங்கிக்கொள்வேன்.

உங்கம்மா சுகம். கால் வீக்கம் வற்றிவிட்டது. நேற்று அவருக்கு முருங்கைக்கீரை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஹட்டனில் ஒரு கூட்டத்துக்கு வரச் சொல்கிறார்கள். போகவா என்று உன்னிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். போன் போகவில்லை.

நாகலெட்சுமி


கொழும்பு 6
2024 ஜூலை 14

லெச்சுமி,

பேப்பரில் உன் படம் பார்த்தேன். சம்பள உயர்வுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டதை எதிர்த்து ஹட்டனில் நடந்த ஆர்ப்பாட்டம். முன்வரிசையில் நடுவில் நிற்கிறாய். என் வார்த்தையைப் பெரிய அட்டையில் சிவப்பு மையில் எழுதி, கீழே உன் பேரைப் போட்டு, அதையும் உன் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். நீயும் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

கட்டியிருப்பது நான் கொடுத்த நீலச் சேலை. அது என்னைவிட உனக்கு நன்றாக இருக்கிறது. இதை எழுதும்போதுகூட என் கை கூசுகிறது.

உன் பேச்சை நான் எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா? பாத்திரம் கழுவும்போது, துணி காயப்போடும்போது. அடைத்தது உன் நம்பரைத்தான். உன் படத்தை யாரால் அடைக்க முடியும்? நான் 'நஷ்டம்' என்று சொன்னேன். நீ 'நட்டம்' என்கிறாய். நான் 'பட்டதுக்குப் பேரு என்ன' என்று முடித்தேன். நீ 'என்னங்க பேரு' என்று ஒரு 'ங்க'வைப் போட்டு, மரியாதையாகக் கேட்கிற மாதிரி கேட்கிறாய். அந்த 'ங்க'வில்தான் சனம் விழுந்துவிட்டது என்று எனக்கு விளங்குகிறது. நான் சொல்லியிருந்தால் சண்டைக்காரி என்றிருப்பார்கள். இது விளங்கினதால் கோபம் குறையும் என்று நினைத்தேன். கூடித்தான் போனது.

போன வாரம் மேடத்தின் தங்கை வந்திருந்தார். உன் பேச்சு வந்தது. நான் பொறுக்கமாட்டாமல், "அது நான் சொன்னதுங்க மேடம். அவ என்கிட்ட கேட்டுத்தான் பேசினா" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மேடம், "சரி சரி, நீதான் சொன்ன. தேத்தண்ணி ஊத்து" என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

கொஞ்ச நாள் போகட்டும் என்றாய். இரண்டு மாதமாகிறது. கிளார்க்கைச் சொல்லி எத்தனை நாள் ஓட்டுவாய்? உனக்குச் சொல்ல மனமில்லை என்று சொல். அது மரியாதை.

ஒரு நாள் நீ மேடையில் பேச எழுந்து, வாயில் ஒன்றும் வராமல் நிற்க வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும். இதைத் தபாலில் போடக் கூடாது என்று தெரிந்தும் போடுகிறேன்.

பிரியந்தி


வில்லுமலைத் தோட்டம்
2024 ஓகஸ்ட் 4

அன்புள்ள பிரியந்திக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். என் முகத்தைப் பார்த்த மஃறூப் நானா, "என்னம்மா, யாருக்கும் சொகமில்லையா?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

நீ நினைக்கிற மாதிரி நான் இங்கே மாலை போட்டுக்கொண்டு திரியவில்லை. ஜூன் முதல் என்னை ஏழாம் நம்பர் மலைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே செடி பாதி செத்துப்போய்க் கிடக்கிறது. நாள் முழுக்க எடுத்தாலும் கேட்கிற கிலோ வராது. கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான் போடுவார்கள், பாதிச் சம்பளம்தான். போன மாதம் பதினோரு நாள் எனக்கு அரைப்பேர். தொழிற்சங்கத் தலைவர் வீரய்யா அண்ணனிடம் சொன்னேன். "தேர்தல் வருது லெச்சுமி, அது வரைக்கும் பொறு" என்கிறார். அவரும் ஜனாதிபதித் தேர்தலுக்கு யார் பக்கம் நிற்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஆனாலும் உனக்குப் பொய் எழுத மாட்டேன். ஹட்டனில் அவ்வளவு சனம் என்னைத் திரும்பிப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கலியாணத்தில்கூட என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. அட்டையில் உன் பேர் இல்லையே என்று மனசு சொன்னது. கை விடவில்லை.

இப்போது ஒரு சங்கடம். இந்த மாதக் கடைசியில் பெரிய கூட்டம். பத்து நிமிடம் பேச வேண்டுமாம். எனக்கு அந்த ஒரு வரிக்கு மேல் ஒன்றும் தெரியாது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னால் சிரிப்பார்கள். நீ எழுதித் தருகிறாயா? நீ எழுதினால் நான் பாடம் பண்ணிக்கொள்வேன்.

கோபப்படாதே. உன்னைத் தவிர நான் வேறு யாரிடம் கேட்பேன்?

நாகலெட்சுமி


கொழும்பு 6
2024 ஓகஸ்ட் 18

லெச்சுமி,

நான் எழுத வேண்டும், நீ பேச வேண்டும், சனம் கை தட்ட வேண்டும். கேட்க உனக்குக் கூச்சமாக இல்லையா?

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம் வந்தது. லயத்துக் கூரையைப் பற்றி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி, இருநூறு வருடம் இருந்தும் ஒரு வீட்டு விலாசம்கூட இல்லாததைப் பற்றி. படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. நீ அதை அந்த 'ங்க' போட்டுச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றிய உடனே அடுப்பில் போட்டுவிட்டேன்.

இன்று நான் ஒரு காரியம் செய்தேன். என்னவென்று எழுத மாட்டேன். உனக்கே தெரியவரும். செய்துவிட்டு உட்கார்ந்தால் சோறு நன்றாக இறங்கியது.

பிரியந்தி


வில்லுமலைத் தோட்டம்
2024 செப்டெம்பர் 15

பிரியந்திக்கு,

போன மாதம் 30ஆம் திகதி ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். மஃறூப் நானாவின் மகள் ரினோஸாதான் படித்துச் சொன்னாள். வெளியாள் ஒருவரின் தூண்டுதலில் தோட்டத்துக்குக் கெட்ட பேர் வரும்படி பேசினேனாம். விசாரணை முடியும் வரை எனக்கு வேலை இல்லையாம். அந்தப் பெரிய கூட்டத்துக்கும் நான் போகவில்லை.

மே மாதத்திலிருந்தே அவர்களுக்கு என் மேல் கோபம். ஆனால் பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. கொழுந்தெடுக்கிற பெண் தன் கஷ்டத்தைச் சொன்னாள் என்பதற்காக வேலையை நிறுத்த முடியாது. இப்போது கிடைத்துவிட்டது.

பத்தாம் திகதி ஆபீஸில் விசாரணை. தோட்ட மேனேஜர் துரை, பெரிய கிளார்க், கொழும்பிலிருந்து வந்த ஒரு ஐயா. எனக்காக வீரய்யா அண்ணன். பெரிய கிளார்க் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். அந்த டீவிப் படத்துக்குக் கீழே யாரோ 'மலைக்காற்று' என்ற பேரில் எழுதியதை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். சத்தமாகப் படித்தார்: "இந்த அக்கா சொந்தமா பேசல. வேற ஒருத்தங்க பீலியடியில சொல்லிக் குடுத்தத அப்பிடியே ஒப்பிச்சிருக்காங்க. கேட்டுப் பாருங்க."

படித்துவிட்டு, "கேட்டுப் பாக்கச் சொல்லியிருக்கு. கேக்குறேன். யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார்.

பிரியந்தி, பீலியடியில் அன்றைக்கு நீயும் நானும்தான்.

நான், "யாரும் இல்லைங்க ஐயா. நானாத்தான் பேசினேன்" என்றேன். மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் அதையே சொன்னேன்.

ஏன் உன் பேரைச் சொல்லவில்லை என்று மே மாதமே நீ கேட்டாய். அப்போது எழுதப் பயந்தேன். இப்போது எழுதுகிறேன். நீ போன உடனே உன் பேரைத் தோட்டப் பதிவில் வெட்டிவிட்டார்கள். உங்கம்மா வேலையிலிருந்து நின்று ஐந்து வருடமாகிறது. வேலைக்கு ஆள் இல்லாவிட்டால் லயத்துக் காம்பராவைத் தோட்டம் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம். இத்தனை நாள் கண்டும் காணாமல் விட்டிருக்கிறார்கள். சொல்லிக் கொடுத்தது ராக்காயி மகள் நீதான் என்று தெரிந்தால் மறுநாளே சாமானை எடுத்து வெளியே வைப்பார்கள். அந்த அம்மா எங்கே போகும்?

அதற்காக மட்டும்தான் மறைத்தேன் என்று எழுதினால் அதுவும் பொய். உன் பேரைச் சொன்னால் எனக்கு என்ன மிஞ்சும் என்ற யோசனையும் இருந்தது. இரண்டும் இருந்தது. எது எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

வருகிற சனிக்கிழமை ஜனாதிபதித் தேர்தல். சம்பளம் ஆயிரத்து முந்நூற்றைம்பது என்று முடிவாகிவிட்டதாக எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். வேலை இருக்கிறவர்களுக்கு.

நாகலெட்சுமி


கொழும்பு 6
2024 செப்டெம்பர் 24

அன்புள்ள லெச்சுமிக்கு,

உன் கடிதம் பத்தொன்பதாம் திகதி கிடைத்தது. படித்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் டொக்டருக்கு போன் எடுக்கப் போனார்.

அதை எழுதியது நான்தான். உனக்கு ஒரு சின்னத் தலைகுனிவு வர வேண்டும் என்று நினைத்தேன். நாலு பேர் உன்னைக் கேள்வி கேட்க வேண்டும் என்று நினைத்தேன். உன் வேலையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அம்மாவின் காம்பராவைப் பற்றியும்தான். பெற்ற மகள் நினைக்காததை நீ நினைத்திருக்கிறாய்.

இனி நான் எழுதப்போவது இதைவிட மோசமானது. எழுதாமல் இருந்தால் உனக்குத் தெரியவே வராது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஓட்டுப் போட ஊருக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை ரயிலில் ஹட்டனுக்கு வந்து, அம்மாவோடு தங்கி, சனிக்கிழமை காலை தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உன்னைப் பார்த்து, எல்லார் முன்னாலும் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பது என்று ரயில் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வரிசையில் நீ நின்றாய். இளைத்துப்போயிருந்தாய். அப்போது மேல் லயத்துப் பெண்கள் உன்னைப் பார்த்து, "லெச்சுமிக்கா, நீங்க முன்னால போங்க" என்று வழி விட்டார்கள். நீ வேண்டாம் என்றாய். அவர்கள் உன்னைத் தள்ளி முன்னால் விட்டார்கள்.

உன் கடிதம் என் பைக்குள் இருந்தது. என்னால் உனக்கு வேலை போனது எனக்குத் தெரியும். அந்த நிமிடத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான் லெச்சுமி. ஆறு வருடம் தலைவியாக இருந்தவளுக்கு ஒருத்தியும் ஒரு நாளும் வரிசையில் வழி விட்டதில்லை.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போய், நீ போகும் வரை நின்றேன். பிறகு ஓட்டுப் போட்டுவிட்டு அம்மாவிடம் போனேன். அன்று மாலை நடந்தே வந்து உன்னைப் பார்த்திருக்கலாம். ஊரடங்கு போடப்போகிறார்கள் என்று அம்மாவிடம் சாக்குச் சொன்னேன்.

நாட்டுக்கு இப்போது புது ஜனாதிபதி. இந்த வீட்டில் எல்லாரும் எல்லாமே மாறும் என்று பேசுகிறார்கள். நான் மாறுவேனா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த விசாரணை எப்போது?

பிரியந்தி


வில்லுமலைத் தோட்டம்
2024 ஒக்டோபர் 20

அன்புள்ள பிரியந்திக்கு,

உன்னை நான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நீ நின்றாய். நீயே வரட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். வந்திருந்தால் உன்னை அடித்திருப்பேனோ கட்டிப் பிடித்திருப்பேனோ தெரியாது.

எங்கள் வீட்டு நிலைமை சரியில்லை. அவருக்குத் தொழிற்சாலையில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. எனக்கு ஒன்றுமே இல்லை. இந்த முறை தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க முடியாது. சின்னவள் கேட்கவில்லை. கேட்டால்கூடப் பரவாயில்லை.

பாராளுமன்றத் தேர்தலுக்கு ஆட்கள் வருகிறார்கள். இரண்டு கட்சிக்காரர்கள் என்னை வேனில் ஏற்றிக்கொண்டு போய்ப் பேச வைக்கக் கேட்டார்கள். "வேல போன கதையச் சொல்லுங்க, சனம் அழும்" என்றார் ஒருவர். நான் போகவில்லை.

நவம்பர் 6ஆம் திகதி கடைசி விசாரணை. பெரிய கிளார்க் வீரய்யா அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். சொல்லிக் கொடுத்தது யார் என்று பேரை எழுதி, கையெழுத்துப் போட்டு, மன்னிப்பும் கேட்டால் மறுநாளே வேலைக்கு வரலாமாம். வீட்டில் இவரும் தினமும் அதையே சொல்கிறார். "ஒனக்குப் பிள்ளைங்க பெருசா, அந்தச் சிநேகிதி பெருசா?" என்று கேட்டார். அவர் கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை.

நான் இன்னும் சொல்லவில்லை. இன்னும் எத்தனை நாள் சொல்லாமல் இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. உன்னைக் கேட்காமல் உன் பேச்சை எடுத்தேன். அதனால் இதையாவது கேட்டுச் செய்யலாம் என்று எழுதுகிறேன்.

சொல்லவா?

நாகலெட்சுமி


வட்டவளை
2024 நவம்பர் 17

அன்புள்ள லெச்சுமிக்கு,

'சொல்லவா' என்று நீ கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் அதை வைத்துக்கொண்டே கொழும்பில் இருந்துவிடுவேன் என்று பயந்தேன்.

ஆறாம் திகதி விசாரணை முடிந்து ஆபீஸிலிருந்து வெளியே வந்ததும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். அதனால் என் பக்கத்தை இப்போது எழுதுகிறேன்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் வந்து அம்மாவை இங்கே கூட்டிவந்துவிட்டேன். ஒரு தையல் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. கட்டில், இரண்டு பெட்டி, சாமிப் படங்கள், அவ்வளவுதான். கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "நாப்பத்தாறு வருசம்டி" என்றது அம்மா. ஏன் கிளம்புகிறோம் என்று நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. சாவியை நானே கொண்டுபோய் ஆபீஸ் மேசையில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் முன்னால் உட்கார்ந்தேன்.

எத்தனையோ தடவை இந்த நாளை நினைத்துப் பார்த்திருக்கிறேன். 'அது என் வார்த்தை' என்று நான் சொல்ல, எல்லாரும் திரும்பிப் பார்ப்பது மாதிரி. கடைசியில் அதைச் சொன்ன இடத்தில் நான்கு ஆண்களும், தேத்தண்ணிக் கோப்பைகளும், மூலையில் நீயும். "நாந்தான் சொன்னது. லெச்சுமிகிட்ட சொன்னேன். அவளப் பேசச் சொல்லி நான் சொல்லல. தன் சம்பளத்தப் பத்தி அவ தானாத்தான் பேசினா. அந்த மலைக்காத்தும் நாந்தான். பொறாமையில எழுதினேன்" என்றேன். கொழும்பு ஐயா தலையைத் தூக்கி, "என்ன காரணத்துல?" என்று திரும்பக் கேட்டார். "பொறாமையிலங்க ஐயா" என்றேன். அதை எந்த இங்கிலீஷ் சொல்லில் எழுதினாரோ தெரியாது.

அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் உனக்குத் தெரியும். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்பில் போட்ட அந்த நான்கு பக்கமாக இருக்கலாம்.

மேடம் இரண்டு வாரம்தான் லீவு தந்தார். அம்மாவைத் தனியே விட முடியாது என்று போனில் சொன்னேன். வேறு ஆள் பார்த்துவிட்டார். இந்தத் தையல் கடையில் பொத்தான் கட்டவும் ஓரம் அடிக்கவும் ஆள் தேவையாம். நாளை முதல் போகிறேன்.

தேர்தல் முடிவைப் பார்த்தாயா? நம் மலையகத்துப் பெண்களும் பாராளுமன்றம் போகிறார்கள். கடை டீவியில் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே என் மனசு என்ன செய்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உனக்கு என்ன முடிவு வந்தது?

பிரியந்தி


வில்லுமலைத் தோட்டம்
2024 டிசெம்பர் 15

அன்புள்ள பிரியந்திக்கு,

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. மன்னிப்புக் கடிதம் கேட்கவில்லை. நின்ற நாட்களுக்குச் சம்பளம் இல்லை என்றார்கள். தொழில் திணைக்களத்துக்குப் போகலாம் என்கிறார் வீரய்யா அண்ணன். இப்போது அவருக்குக் கொஞ்சம் சத்தம் வந்திருக்கிறது. இந்த மாதம் என்னை மூன்றாம் நம்பர் மலைக்கே திரும்ப விட்டிருக்கிறார்கள்.

உங்கம்மாவின் காம்பராவுக்குத் தோட்டம் பூட்டுப் போட்டிருக்கிறது. இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. காலையில் பெரட்டுக்குப் போகும்போது அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறேன். நான் வேலைக்குப் போவதே அந்தக் கதவைப் பூட்டித்தான் என்று தோன்றும். இதற்கு நன்றி என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. அதனால் எழுதவில்லை.

வேறு ஒன்று எழுத வேண்டும். இத்தனை நாள் கடிதம் போடாமல் இருந்ததும் அதனால்தான்.

அன்று ஆபீஸில் நீ பேசினாய் அல்லவா? கூரையைப் பற்றி, விலாசத்தைப் பற்றி, உங்கம்மா திருப்பிக் கொடுத்த சாவியைப் பற்றி. பெரிய கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். துரை தேத்தண்ணியை ஆறவிட்டார். வீரய்யா அண்ணன் கண்ணைத் துடைத்தார். நீ எனக்காகத்தான் வந்தாய். உன் வீட்டைக் கொடுத்துவிட்டு வந்தாய். நான் மூலையில் உட்கார்ந்து என்ன நினைத்தேன் தெரியுமா? இவள் இப்படிப் பேசினால் இனி என்னை யார் கேட்பார்கள் என்று நினைத்தேன். நீ இத்தனை மாதம் என்ன பட்டாய் என்று அப்போதுதான் எனக்குச் சரியாக விளங்கியது. கடிதத்தில் படித்தபோது விளங்கவில்லை.

இந்த மாதம் 28ஆம் திகதி சனிக்கிழமை, ஹட்டனில் பெண்கள் கூட்டம். முப்பது தோட்டத்திலிருந்து வருகிறார்கள். முக்கியமாகப் பேச என்னைத்தான் கேட்டார்கள். நோட்டீஸ் அடிக்கப் பேர் கேட்டு ஆள் வந்தபோது, "என் பேரு வேணாங்க. வட்டவளையில பிரியந்தின்னு ஒருத்தி இருக்கா. அவதான் எனக்குப் பேசச் சொல்லிக் குடுத்தவ. அவளக் கூப்பிடுங்க" என்றேன். அந்தப் பிள்ளை பேரை எழுதிக்கொண்டு போய்விட்டாள். அவள் வளைவில் இறங்கி மறைந்த பிறகு கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லலாமா என்று இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு உள்ளே போய் அழுதேன். உன்னை நினைத்து அழவில்லை. என்னை நினைத்துத்தான்.

நோட்டீஸ் இன்று வந்தது. உன் பேர் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஒன்றை இதோடு வைக்கிறேன்.

இனி நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நில். ஒட்டி நின்றால் இரையும். முதல் வரியை மெதுவாகச் சொல். முன்வரிசையில் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பார்க்காதே. நடுவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற பெண்களைப் பார்த்துப் பேசு. அவர்கள் தலையாட்டினால் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

நான் பின்னால் கதவோரம் நிற்பேன். நீ மிகவும் நன்றாகப் பேசினால் என்னால் பாதியில் தாங்க முடியாமல் போகலாம். நான் வெளியே போவதைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடாதே. கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

நாகலெட்சுமி